அத்தை கேட்ட கணக்கு

டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் என்றாலே நம்மில் பலருக்கு அரியர் ஞாபகம்தான் வரும். பரீட்சை முடிந்த கையோடு அந்த நோட்டைப் பழைய பேப்பர் கடையில் போட்டவன் நான். அதை மறுபடி தேட வைத்தது என் அத்தை!

தா.பழூரில் மாமாவுக்குப் புற்றுநோய். இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை மருந்து ஏற்றுகிறார்கள். பொங்கலுக்குப் போனபோது அத்தை கேட்டது: "ஏந்தம்பி, இன்ஜினியருக்குத்தானே படிக்கிற? கட்டிய அழிக்கணும்னா ஒரேயடியா மருந்த ஏத்திட வேண்டியதுதானே? எதுக்கு இத்தன நாளு விட்டு விட்டுக் குடுக்குறாங்க?" முழித்தேன்.

பதில் அவங்க வயலிலேயே இருந்தது. நெல்லில் புகையான் விழுந்தால் சிலந்தி அதைப் பிடித்துத் தின்னும். கண்டபடி மருந்தடித்தால் சிலந்தியும் சேர்ந்து செத்துப்போகும். பிறகு புகையான் முன்னைவிட அதிகமாகக் கிளம்பும். தின்பது ஒன்று, தின்னப்படுவது ஒன்று. இந்த இரண்டின் ஏற்ற இறக்கத்துக்கு 1926-ல் இத்தாலிக்காரர் வோல்டெரா, கடல் மீன்களை வைத்து இரண்டே இரண்டு சமன்பாடு எழுதினார்.

1994-ல் குஸ்நெட்சோவும் அவரோடு சேர்ந்தவர்களும் உடம்புக்குள்ளே இதே மாதிரிக் கணக்குப் போட்டார்கள். சிலந்தி இடத்தில் நோய் எதிர்ப்பு செல், புகையான் இடத்தில் கட்டி. எதிர்ப்பு செல் ஒரு வேகத்தில் வந்துகொண்டே இருக்கும், கட்டியைக் கண்டால் இன்னும் பெருகும், சண்டையில் கொஞ்சம் சாகும், தானாகவும் சாகும். கட்டி வளரும், ஆனால் அதற்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. அவ்வளவுதான், நம்ம நோட்டில் இருந்த அதே டி பை டிடி! எலிகளின் ரத்தப் புற்றுநோய் அளவுகளோடு ஒப்பிட்டார்கள். கட்டி பல காலம் வளராமல் தூங்குவதும் அதில் வந்தது. அதைவிட ஆச்சரியம், நடுத்தர அளவுக் கட்டி அழிந்துபோகிற இடத்தில் சின்னஞ்சிறு கட்டி தப்பித்து வளர்ந்துவிடுகிறதாம். எதிரி ரொம்பக் குறைவாக இருந்தால் காவல்காரன் விழிக்க மாட்டான் போல!

2001-ல் அமெரிக்காவில் டி பில்லிஸ், ரடுன்ஸ்காயா என்ற இரு பெண் கணித அறிஞர்கள் இதில் மருந்தையும் சேர்த்தார்கள். நல்ல செல்கள் ஓர் அளவுக்குக் கீழே போகாமல், மருந்தை எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது? அத்தை கேட்ட கேள்வியேதான்!

உண்மையைச் சொல்லணும். இருபத்தொரு நாள் என்பது சமன்பாட்டில் பிறந்ததல்ல. டாக்டர்கள் ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துக் கண்டது. மருந்து எலும்பு மஜ்ஜையையும் தாக்குவதால் வெள்ளை அணுக்கள் இரண்டாவது வாரம்வாக்கில் அடிமட்டத்துக்குப் போகும். மூன்றாவது வாரத்தில் மீளும். எலிக்குப் பொருந்தும் எண் மாமாவுக்குப் பொருந்தாது என்பதும் தெரியும். ஆனால் 'ஏன்' என்று புரிய வைப்பது அந்த இரண்டு வரிதான்.

அத்தையிடம் சிலந்திக் கதையைச் சொன்னேன். "அப்ப சிலந்தி திரும்பி வரட்டும்னுதான் காத்திருக்காங்களா? இத அங்க யாரும் சொல்லலியே" என்றார்.

நம்ம வகுப்பிலும்தான் யாரும் சொல்லவில்லை. வாய்பாட்டை மனப்பாடம் பண்ண வைத்தார்கள், ஐந்து மார்க் வாங்கினோம். சிலபஸில் இல்லாவிட்டால் என்ன, ஒரே ஒரு பீரியடு இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டக் கூடாதா? ஜூனியர்களே, நோட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். என்னுடையது போயே போச்சு. இப்போது நண்பன் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். மாமாவுக்கு நாலாவது தடவை அடுத்த வாரம்.

– மூன்றாமாண்டு, மெக்கானிக்கல்