பாஸ்வேர்ட் நோட்டுக்கு ஒரு முடிவு

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் அரசிதழில் வந்ததிலிருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வரி ஆலோசக வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றைத்தான். கிளையன்ட்களின் ஜிஎஸ்டி லாகின் விவரங்களை வைத்துக்கொள்ளக் காசு கொடுத்து பாஸ்வேர்ட் மேனேஜர் வாங்க வேண்டுமா, இலவசமாகக் கிடைப்பது போதாதா? பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சொல்லும் 6-ஆம் விதி 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகிறது. அதுவரை தள்ளிப்போட நியாயமில்லை என்பதால் நம் நிலையை இப்போதே சொல்கிறோம்.

தனி ஆளாகத் தொழில் நடத்துபவருக்குச் செலவு தேவையில்லை. கீபாஸ்எக்ஸ்சி முழுக்க இலவசம். கோப்பும் நம் கணினியிலேயே இருக்கும். பிட்வார்டன், ஸோஹோ வால்ட் இரண்டிலும் தனிநபருக்கு இலவசத் திட்டம் உண்டு. நோட்டுக்கும் எக்செல் ஷீட்டுக்கும் இவற்றில் எதுவும் மேல். ஆனால் ஜிஎஸ்டிஆர்-1 ஏற்றவும் 2பி ஒத்துப்பார்க்கவும் உதவியாளர்களை வைத்திருக்கும் அலுவலகம் காசு கொடுக்கத்தான் வேண்டும்.

காரணம் 6-ஆம் விதியிலேயே இருக்கிறது. அது குறியாக்கத்தோடு நிற்கவில்லை. யார் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு, யார் பார்த்தார் என்ற பதிவு, அந்தப் பதிவை ஓராண்டு வைத்திருத்தல் என எல்லாவற்றையும் கேட்கிறது. எக்செல் கோப்புக்குப் பூட்டுப் போட்டுவிடலாம். ஆனால் 19-ஆம் தேதி இரவு எந்த உதவியாளர் எந்த மில்லின் லாகினைத் திறந்தார் என்று அது சொல்லாது. இலவசத் திட்டங்களும் பொதுவாகச் சொல்வதில்லை. குழுத் திட்டத்துக்குக் கட்டும் பணத்தில் நமக்குக் கிடைப்பது முக்கியமாக இந்தப் பதிவேடுதான். வேலையை விட்டுப் போன உதவியாளர் மேல் ஒரு கிளையன்ட் புகார் சொல்லி, விவகாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றம் வரை போனால், பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவுச் சான்றோடு தாக்கல் செய்ய நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

செலவு எவ்வளவு? பிட்வார்டன் குழுத் திட்டம் ஆளுக்கு மாதம் 4 டாலர் அளவில் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேர் கொண்ட அலுவலகத்துக்கு ஆண்டுக்கு 240 டாலர். இருபதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். சேவை இறக்குமதி என்பதால் பதிவு பெற்ற அலுவலகம் ரிவர்ஸ் சார்ஜில் 18 சதவீதம் கட்டி, உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சிக்கலே வேண்டாம் என்பவர்களுக்கு, தென்காசி பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ ரூபாயிலேயே பில் போடுகிறது. டேலி சந்தாவைப் புதுப்பிக்கும்போது நாம் யாரும் இவ்வளவு யோசிப்பதில்லை.

வாங்குபவர்கள் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. உதவியாளருக்குக் கடவுச்சொல்லைக் காட்டாமலே லாகின் செய்ய விடும் வசதி நல்லதுதான், ஆனால் முயன்றால் அந்தக் கடவுச்சொல்லையும் எடுத்துவிட முடியும். ஆள் விலகினால் அவர் கைபட்ட கடவுச்சொற்களை மாற்றியே ஆக வேண்டும். இரண்டாவது, மாஸ்டர் பாஸ்வேர்ட். 2022-இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து திருடர்கள் வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளையே அள்ளிப் போனார்கள். உள்ளே கடவுச்சொற்கள் குறியாக்கத்தில் இருந்தன. இணையதள முகவரிகள் குறியாக்கத்தில் இல்லை. நீளமான மாஸ்டர் பாஸ்வேர்ட் வைத்தவர்களின் பெட்டகத்தை உடைப்பது கடினம். பிறந்த தேதியை வைத்தவர்களுக்கு அந்தக் காப்பு கிடையாது.

கேட்ட கேள்விக்கு இத்தோடு பதில் முடிந்தது. கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது. கிளையன்டின் கடவுச்சொல் நம் அலுவலகத்தில் ஏன் இருக்க வேண்டும்?

சிஜிஎஸ்டி சட்டம் 48-ஆம் பிரிவு, 83-ஆம் விதி, பிசிடி-05 படிவம் எல்லாம் சேர்ந்து என்ன சொல்கின்றன? ஜிஎஸ்டி பிராக்டிஷனர் தன் சொந்த லாகினில் வந்து கிளையன்டின் வேலையைச் செய்ய வேண்டும். சட்டத்தின் நோக்கம் சரியானது. ஆனால் அந்த லாகின் ஒரே ஒரு ஆளுக்கானது. உண்மையில் உட்கார்ந்து இன்வாய்ஸ் ஏற்றுகிற உதவியாளருக்கு அதில் இடமில்லை. ரீஃபண்ட், பதிவுத் திருத்தம், ரத்து என்று வந்தால் கிளையன்டின் ஒப்புதல் தனியாக வேண்டும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்காரரின் பதிவு மனைவி பெயரில் இருக்கும். பதிவு செய்த செல்போன் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கும். 20-ஆம் தேதி மாலை அந்த மகனைப் பிடித்து ஓடிபி வாங்குவது நாம்தான். அதனால்தான் எல்லா அலுவலகங்களிலும் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் நோட்டில் ஏறின. அதே மேஜை டிராயரில், பின் நம்பர் எழுதி ஒட்டிய டிஜிட்டல் கையெழுத்து (டிஎஸ்சி) டோக்கன்களும் சேர்ந்தன.

இதற்குத் துறையின் பதில் என்னவாக இருந்தது? இடைத்தரகர்கள் பதிவின்போது தங்கள் மின்னஞ்சலையும் செல்போன் எண்ணையும் கொடுத்துவிட்டு, லாகின் விவரத்தை வணிகர்களுக்குத் தருவதில்லை என்று 2018 ஜூனில் நிதியமைச்சகம் செய்திக்குறிப்பு வெளியிட்டது. அப்படி நடந்தது உண்மை. அப்படிச் செய்தவர்களை இந்த இதழ் ஒருபோதும் ஆதரிக்காது. ஆனால் மின்னஞ்சலே இல்லாத ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களை ஓரிரு மாதங்களில் ஆன்லைனுக்கு இழுத்து வந்தது யார்? பால்கோவா கடைக்காரருக்கும் விசைத்தறிக்காரருக்கும் கூட நின்று ஜிஎஸ்டியை ஓடவைத்தவர்கள் நாம். அந்தக் குறிப்பில் நமக்குக் கிடைத்த பெயர் இடைத்தரகர்.

தொழில்நுட்பம் இல்லை என்று சொல்ல முடியாது. இ-வே பில் தளத்தில் துணைப் பயனர்களை உருவாக்கி, யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுக்கலாம். 2025 ஜனவரி 1-இல் 20 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும், பிப்ரவரி 1-இல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும், ஏப்ரல் 1-இல் மற்ற எல்லோருக்கும் அங்கே இரட்டை அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமானபோது, துணைப் பயனர் ஒவ்வொருவருக்கும் அவரவர் செல்போனிலேயே ஓடிபி வந்தது. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் பொதுத் தளத்தில் மட்டும் இதை ஏன் செய்யவில்லை?

செய்யாமல் விட்டதன் சுமை இப்போது நம் தலையில். 2011-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் கடவுச்சொல்லை நுண்ணுணர்வுத் தரவுப் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்த்திருந்தன. புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்பு ஏற்பாடு தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. நாம் கிளையன்டுக்காகத் தரவைக் கையாளும் இடங்களில், நம் மேஜையில் நடக்கும் கசிவுக்குச் சட்டப்படி முதலில் பதில் சொல்ல வேண்டியவர் கிளையன்ட். அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ளவோ அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு இடம் தருகிறது. கடவுச்சொல்லைக் கைமாற்றாமல் வேலையே நடக்காதபடி தளத்தை வடிவமைத்துவிட்டு, கைமாற்றியவரை மட்டும் தண்டிப்பது அநீதி. நாம் கட்டப்போகும் ஒவ்வொரு சந்தாவும் அந்த வடிவமைப்பின் குறைக்குக் கட்டும் பணம்.

கிளையன்ட்களுடன் எழுத்து ஒப்பந்தம் இல்லாதவர்கள் முதலில் அதைப் போடுங்கள். 6-ஆம் விதி அதையும் கேட்கிறது. எந்த லாகின், எந்த வேலைக்கு, எத்தனை காலம் என்று அதில் இருக்கட்டும். பயன்படாத டிஎஸ்சிகளைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பிராக்டிஷனர் லாகினுக்குக் கீழே உதவியாளர் லாகின் வேண்டும், கிளையன்ட் ஒருமுறை தரும் ஒப்புதல் குறிப்பிட்ட காலத்துக்குச் செல்ல வேண்டும் என்ற கோரிக்கையை இரண்டு ஊர் வரி ஆலோசகர்களும் சேர்ந்து ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு 2027 மே மாதத்துக்கு முன்பே அனுப்ப வேண்டும். மனுவின் நகலை இந்த இதழுக்கும் அனுப்புங்கள். வரும் பதிலோடு சேர்த்து முழுமையாக வெளியிடுகிறோம்.