பாங்கொக்கில் இறங்கியதும் டாக்சியா, பஸ்ஸா?

உடுப்பு, பாதணி, ஃபேன்சிச் சாமான் எடுக்கப் பாங்கொக் போய்வரும் நமது வியாபாரிகள் விலை பேசுவதில் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஒரு பிளவுஸுக்கு மூன்று பாட் குறைப்பதற்காக அரை மணித்தியாலம் ஒரே கடையில் நிற்பார்கள். ஆனால் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் போகும் விசயத்தில் மட்டும் பலர் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு சாராருக்கு வெளியே வந்ததும் டாக்சிதான். மற்றச் சாராருக்கு எவ்வளவு சுமை இருந்தாலும், எத்தனை மணியானாலும் பஸ்தான், ரயில்தான். இரு சாராரும் பழக்கத்தில் போகிறார்கள். போகும்போது ஒரு வாகனம், திரும்பும்போது வேறொரு வாகனம் என்று வைத்துக்கொள்வதே சாமான் எடுக்கப் போகிறவருக்குப் பொருந்தும் என்பது என்னுடைய அபிப்பிராயம்.

சுவர்ணபூமி விமான நிலையம் 2006 செப்டம்பரில் திறக்கப்பட்டது. நகரின் மத்தியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். திறந்த காலத்தில் நம்மவர்களுக்குத் தெரிந்த வழி இரண்டுதான். ஒன்று மீட்டர் டாக்சி. மற்றது, ஒருவருக்கு 150 பாட் வீதம் அறவிட்ட எக்ஸ்பிரஸ் பஸ். அப்போது கணக்கு இலகு. தனியாகப் போகிறவருக்கு பஸ் இலாபம். மூன்று பேர் சேர்ந்து போனால் பஸ்ஸுக்கு 450 பாட் போகும். ஏறக்குறைய அதே காசுக்கு டாக்சி ஹோட்டல் வாசலிலேயே கொண்டுபோய் விடும். அப்படியிருந்தும் மூன்று பேராகப் போய் பஸ்ஸில் ஏறி, இறங்கிய இடத்திலிருந்து பேக்கை இழுத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நடந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். மிச்சம் பிடித்துவிட்டதாகத்தான் அவர்களுக்கு நினைப்பு.

2010 ஆகஸ்டில் விமான நிலைய ரயில் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டு அந்த 150 பாட் பஸ் நின்றுபோயிற்று. இன்று சுவர்ணபூமியில் பஸ்ஸின் இடத்தில் இருப்பது இந்த ரயில்தான். கட்டிடத்தின் அடித்தளத்தில் ஏறலாம். கடைசி ஸ்டேஷனான பயா தாய் வரை 45 பாட். அதற்கு முந்திய ராச்சபிராரொப் வரை 40 பாட். பிரத்துநாமில் சாமான் எடுக்கிறவர்கள் இந்த ராச்சபிராரொப் பெயரை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே இறங்கினால் பிரத்துநாம் நடக்கும் தூரம். ரயிலில் இருப்பது அரை மணித்தியாலத்துக்கும் குறைவு.

டாக்சியின் கணக்கு வேறு. மீட்டர் 35 பாட்டில் ஆரம்பிக்கும். விமான நிலையத்தில் ஏறுவதற்கென்று 50 பாட் தனி. அதிவேகப் பாதையில் போனால் இரண்டு இடங்களில் சுங்கம், 25 பாட்டும் 50 பாட்டும். அதைப் பயணிதான் கொடுக்க வேண்டும். வாகன நெரிசலில் நின்றாலும் மீட்டர் ஓடும். எல்லாம் கூட்டினால் பிரத்துநாமுக்கு 350 முதல் 450 பாட் வரை வரும்.

2006ஆம் ஆண்டில் ஒரு பாட் நமது காசுக்கு மூன்று ரூபாவுக்கும் குறைவு. 400 பாட் டாக்சி என்றால் ஆயிரத்துச் சொச்சம் ரூபா. போகட்டும் என்று விடலாம். 2022இல் ரூபா விழுந்தது. இப்போது ஒரு பாட் ஒன்பது ரூபாவை அண்டி நிற்கிறது. அதே டாக்சி 3,500 ரூபாவுக்கு மேல். ரயிலில் போகிறவருக்கு 360 ரூபா. சிறு முதலோடு வருடத்தில் ஆறு தடவை போய்வரும் ஒருவர், போகும் வழியில் மட்டும் இதைக் கவனித்தால் ஏறத்தாழ இருபதாயிரம் ரூபா கையில் நிற்கும். கையில் பத்து இலட்சம் வைத்துச் சுழற்றுகிறவருக்கு அது சின்னக் காசல்ல.

காசை விட முக்கியமானது நேரம். கொழும்பிலிருந்து நள்ளிரவுக்குப் பின் புறப்படும் விமானத்தில் போனால், விடியற்காலையில் அங்கே இறங்குவோம். அவர்களுடைய நேரம் நம்மை விட ஒன்றரை மணித்தியாலம் முந்தியது. குடிவரவு வரிசை முடிந்து வெளியே வரும்போது ஏழு மணியைத் தாண்டிவிடும். பாங்கொக்கின் பாதைகள் எல்லாம் நகரத்துக்குள் போகும் வாகனங்களால் அடைபட்டுக் கிடக்கும் நேரம் அது. டாக்சியில் ஏறினால் ஒரு மணித்தியாலம், சில நாட்களில் ஒன்றரை மணித்தியாலம். பிரத்துநாமின் நடைபாதை மொத்தக் கடைகளோ விடியலிலேயே களைகட்டி, வெயில் ஏற ஏறக் கலையத் தொடங்கிவிடும். நல்ல விலைக்குக் கிடைக்கும் சாமான் அந்த நேரத்தில்தான் கைமாறும். பெரிய கட்டிடங்களிலுள்ள கடைகள் பிறகு திறக்கும். அங்கே வாடகையும் விலையில் சேர்ந்திருக்கும். ஆக, காலையில் வெற்றுப் பேக்கோடு இறங்குகிறவர் டாக்சியில் போனால் காசும் நட்டம், சந்தையும் நட்டம்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. நள்ளிரவோடு ரயில் நின்றுவிடும். அதற்குப் பிறகு இறங்குகிறவர், அதுவும் இடுப்பில் டொலர் கட்டிக்கொண்டு இறங்குகிறவர், டாக்சியில் போவதே புத்தி. அந்த நேரத்தில் பாதையும் காலி. வயதானவர்களைக் கூட்டிப் போனாலும் அப்படித்தான். நானா பகுதியில் சுக்கும்வித் சொய் 3 பக்கம் தங்குகிறவர்கள் மக்காசானில் இறங்கி வேறு ரயிலுக்கு மாறி, அதற்குப் பிறகும் நடக்க வேண்டும். பேக் இருந்தால் அந்தச் சங்கடம் எதற்கு? மூன்று பேர் சேர்ந்தால் டாக்சிக் காசு பங்காகிவிடும்.

பஸ்ஸிலோ டாக்சியிலோ இழப்பதை விடப் பெரிய இழப்பு நடப்பது வேறு இடத்தில். வருகை மண்டபத்தில் வெளியே வந்ததும் "டாக்சி, டாக்சி" என்று சிரித்த முகத்தோடு அணுகும் ஆட்களிடம்தான். சென்ற வருடம் திரும்பி வரும் விமானத்தில் என் பக்கத்தில் இருந்த ஒரு தம்பி, கம்பளை ஆள், தன் கெட்டித்தனத்தைச் சொன்னார். "நானா, தொள்ளாயிரம் கேட்டான், எழுநூறுக்குக் கொண்டு வந்திட்டேன்." மீட்டரில் 350 பாட் வரும் பயணத்துக்கு எழுநூறு கொடுத்ததை அவர் இலாபமாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். சாமான் விலையில் பேரம் பேசிப் பழகிய நாக்கு, பேரமே பேசக் கூடாத இடத்திலும் பேசிவிடுகிறது. எதிராளி சொல்லும் முதல் விலையை வைத்துத்தானே பேரம்? அந்த முதல் விலையே பொய் என்றால் பேசிக் குறைத்து என்ன பயன்? மண்டபத்திலேயே லிமோசின் கவுண்டரும் இருக்கிறது. அது மோசடி அல்ல, வாகனமும் நல்லது. ஆனால் ஆயிரம் பாட்டுக்கு மேல் போகும், நமக்குரியது அல்ல.

வருகை மண்டபம் இரண்டாம் தளம். மீட்டர் டாக்சி வரிசை அதற்குக் கீழே, முதலாம் தளத்தில். அங்கே இயந்திரத்தில் பட்டனை அமர்த்தினால் ஒரு துண்டு வரும். அதில் எந்த இலக்கத் தரிப்பில் வாகனம் நிற்கிறது என்று இருக்கும். துண்டைச் சாரதியிடம் கொடுத்துவிடாமல் நம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். மீட்டர் போட மாட்டேன் என்றால் இறங்கிவிடலாம். வேறு துண்டு எடுக்கலாம். அந்நாட்டுத் தரைப் போக்குவரத்துத் திணைக்களத்தின் முறைப்பாட்டு இலக்கம் 1584. அதை வாயால் சொன்னாலே சில சாரதிகளின் கை மீட்டருக்குப் போய்விடும்.

மலிவு விமானங்களில் போகிறவர்கள் டொன் முவாங்கில் இறங்குவார்கள். அது நகரின் வடக்கே இருக்கிறது. அங்கே இன்னும் பஸ்தான் சிறப்பு. ஏ-1 பஸ் மோ சிட் வரை 30 பாட். அங்கிருந்து மேம்பால ரயில். ஏ-3 பஸ் 50 பாட்டுக்குப் பிரத்துநாம் வழியாகவே லும்பினிக்குப் போகும். பேக் வைக்க இடம் கிடைக்கும். மாலையில் மட்டும் இந்த பஸ்ஸை நம்பி அவசர வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு விசயம். இந்தப் போக்குவரத்துச் செலவைச் சாமானின் விலையில் சேர்க்கிறவர்கள் நம்மில் குறைவு. முந்நூறு உடுப்பு எடுத்து வந்தவருக்கு, போகவர டாக்சி 800 பாட் என்றால் ஓர் உடுப்புக்கு இரண்டரைப் பாட்டுக்கு மேல். நமது காசில் இருபத்துநாலு ரூபா. கடையில் நின்று குறைத்த மூன்று பாட் ஏறக்குறைய அப்படியே போய்விட்டது. கட்டுநாயக்கவுக்கு வழியனுப்பப் போகும் வேன் கூலி, அதில் ஏறும் ஏழெட்டுச் சொந்தக்காரர்களின் தேநீர்ச் செலவு இவற்றை நான் இங்கே சேர்க்கவில்லை. சேர்த்தால் சிலருக்குக் கோபம் வரும். பாங்கொக்கில் நாற்பது பாட்டுக்கு ரயிலில் போனவர், இங்கே 187ஆம் இலக்க பஸ்ஸில் ஏற வெட்கப்படுவதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனித் திரும்பும் வழி. கையில் முப்பது கிலோ பேக் இருந்தால் இங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம். டாக்சிதான். ரோட்டில் மறித்து ஏறுவதால் அந்த 50 பாட் கட்டணமும் இல்லை. ஆனால் பிரத்துநாமில் பெரிய பேக்கோடு நிற்கும் வெளிநாட்டவரைக் கண்டால் சாரதிமார் மீட்டரை மறந்துவிடுவார்கள். ஹோட்டலில் சொல்லி அழைப்பியுங்கள். அல்லது கிராப் செயலியில் விலையைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். பாங்கொக்கின் டாக்சிகள் பல எரிவாயுவில் ஓடுபவை. சிலிண்டர் டிக்கிக்குள் இருக்கும். இரண்டு பெரிய பேக் வைத்தால் மூடி மூடாது. இதைத் தெரியாமல் இரண்டு பேர் நாலு பேக்கோடு ஒரு காரை அழைத்து, கடைசியில் இரண்டு கார் பிடித்து, விமானத்துக்கு ஓடியதும் உண்டு. சாமான் கூடுதலென்றால் முதலிலேயே பெரிய வாகனமாகக் கேளுங்கள். இரவு விமானம் என்றால் மாலை நெரிசலில்தான் புறப்பட வேண்டும். வெள்ளிக்கிழமையும் மழையும் சேர்ந்தால் இரண்டு மணித்தியாலம் ஒதுக்க வேண்டும்.

சாமானைக் காகோவில் போட்டுவிட்டுக் கைப்பையோடு திரும்புகிறவருக்குப் பழையபடி நாற்பது பாட் ரயில் போதும். ஐந்து மணிக்குப் பிறகு அதில் வேலை விட்டு வீடு போகும் சனம் நிரம்பிவிடும். நாலு மணிக்கே ஏறிவிடுங்கள்.