ஒரு மீன், பல பெயர்கள்

சென்ற ஆண்டு கட்டுரைத் தேர்வில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், ஈயக் குட்டையில் தான் தூண்டிலிட்டுப் பிடித்த மீனை 'ஜப்பான் மீன்' என்று எழுதியிருந்தான். அதைத் 'திலாப்பியா' எனத் திருத்தி இரண்டு மதிப்பெண்களைக் குறைத்தவன் நானே. தன் கொள்ளுப்பாட்டியார் வழங்கிய பெயர் அது என்று அவன் பின்னர் தயங்கித் தயங்கிக் கூறினான்.

தென்கிழக்கு ஆப்பிரிக்காவுக்குரிய இம்மீன் 1939-இல் கிழக்கு ஜாவாவின் தென்கரைக் கழிமுகம் ஒன்றில் காணப்பட்டது. கண்டெடுத்து நன்னீரில் வளர்த்தவர் மூஜாயிர்; அங்கே மீனுக்கும் அதுவே பெயராயிற்று. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து மலாயாவுக்கு வந்ததால் இங்கே 'ஈக்கான் ஜெப்புன்' ஆயிற்று. 1946-இல் சிங்கப்பூரிலிருந்து அதைத் தைவானுக்குக் கொண்டுசென்ற இருவரின் குடும்பப் பெயர்கள் வூ, குவோ. அங்கே அது 'வூகுவோ மீன்'. 1952-இல் இந்தியாவை அடைந்தது. தமிழகத்தில் அது 'ஜிலேபிக் கெண்டை'. கெண்டைக்கும் அதற்கும் உறவில்லை என்பது வேறு செய்தி!

அறிவியல் பெயரைப் பிள்ளைகள் கற்க வேண்டியதுதான். ஆயினும் வீட்டுப் பெயரைப் பிழையென அடிக்கும் ஆசிரியர், அதனுள் இருக்கும் போர்க்கால வரலாற்றையும் சேர்த்தே அடித்துவிடுகிறார்.

பெற்றோர்களே, விராலையும் பனையேறியையும் தேளியையும் உங்கள் முன்னோர் எவ்வாறு அழைத்தனர் என்பதைப் பிள்ளைகளிடம் கூறுங்கள். அவர்கள் எழுதிக் கொணர்வனவற்றை அறிவியல் மூலையில் ஒட்டிவைப்பேன்.

குறைத்த இரண்டு மதிப்பெண்களை அம்மாணவனுக்குத் திரும்ப வழங்கிவிட்டேன்.