அகலச் சட்டியா, உயரப் பானையா?

தென்னம் பதநீரை வீட்டிலேயே பாகாகக் காய்ச்ச நினைப்பவர்களுக்கு, லிட்டில் இந்தியா பாத்திரக் கடைகளில் உயரமான பானைதான் முதலில் கண்ணில் படும். நான் அகலச் சட்டியைத்தான் சொல்வேன். ஆவி வெளியேறுவது மேற்பரப்பு வழியாக; சட்டியின் விட்டம் 25 செ.மீ.க்குப் பதில் 50 செ.மீ. என்றால் பரப்பு நான்கு மடங்கு. அடுப்புத் தீயும் அதற்கேற்ப அகலமாக எரிய வேண்டும். பினாங்குச் சூட்டில் பதநீர் சில மணி நேரத்தில் புளித்துவிடும் என்பதால் வேகம் அவசியம். கனடாவில் சுமார் 40 லிட்டர் மேப்பிள் சாற்றை 1 லிட்டர் பாகாக்குபவர்களும் அகலத் தட்டுகளையே நம்புகிறார்கள்.

பதநீரில் சுண்ணாம்பு இருப்பதால் அலுமினியம் வேண்டாம், எவர்சில்வரே நல்லது. பாகு கெட்டியாகத் தொடங்கியதும் அடி கனமான சிறிய பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அகலச் சட்டியில் அப்படியே விட்டால், அத்தனை நேர உழைப்பும் நொடியில் கருகிவிடும்.