நாய் வாலும் நிமிரும்!

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பாயிண்டர் என்ற வேட்டை நாயை அவர்கள் பார்த்திருந்தால் அந்தப் பழமொழியைக் கொஞ்சம் மாற்றியிருப்பார்கள். புதருக்குள் பறவை இருப்பதை மோப்பத்தால் அறிந்ததும் அந்த நாய் அப்படியே சிலையாகிவிடும். முன்னங்கால் ஒன்று மடங்கும், மூக்கு பறவையை நோக்கும், வால் ஈட்டி போல நீண்டு நிற்கும். குரைக்காது, பாயாது. எசமானர் வரும் வரை காத்திருக்கும்.

அந்த இனத்துக் கலப்புக் குட்டி ஒன்றை வாங்கி வந்திருக்கிறார் தாப்பா வட்டாரத்துத் தம்பி ஒருவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருக்கிறார். குட்டிக்கு நான்கு மாதம். "வேலைக்குப் போய் வரும் வரை சங்கிலியில்தான் கிடக்கிறது. அவிழ்த்துவிட்டால் செம்பனைக்குள் ஓடிவிடுகிறது. கூப்பிட்டால் வருவதில்லை. வேட்டையை அது தானே பழகிக்கொள்ளும் என்கிறார் அப்பா. பழக்கிக் கொடுக்க நம் பக்கத்தில் சங்கம் ஏதும் உண்டா?" என்று எழுதியிருக்கிறார். ஒரு நாயின் ஆயுளே அடங்கியிருக்கும் கேள்வி இது. ஆகவே இந்த வாரப் பக்கம் முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிட்டேன்.

பறவை நாய் என்பது ஒரே இனமல்ல. தொழிலால் வந்த பெயர். பாயிண்டர், செட்டர் வகைகள் பறவை இருக்கும் இடத்தைக் காட்டும். ஸ்பேனியல் புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பிவிடும். ரெட்ரீவர் வகைகள் சுட்டு விழுந்ததைப் பல் படாமல் கவ்விக் கொண்டு வரும். இன்று தாமான் வீடுகளில் சோபாவில் படுத்திருக்கும் லாப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும் இந்தத் தொழிற்காரர்களின் பேரப் பிள்ளைகள்தாம். வாசலில் கிடக்கும் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடுகிறதே என்று திட்டுகிறோம். அது திருட்டல்ல, பரம்பரைத் தொழில்!

இத்தகைய நாய்களின் திறமையைக் களத்தில் வைத்துச் சோதிக்கும் போட்டி 1865-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சவுத்ஹில் என்ற ஊரில் நடந்தது. அந்த வகைப் போட்டிகளில் முதலாவது என்று பதிவாகியிருப்பது அதுதான். நாயை வாங்குவது ஒரு வேலை, பழக்குவது வேறு வேலை, பழக்கத்தைப் பலர் கூடிப் பார்த்துச் சரி செய்வது மூன்றாவது வேலை என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள். சங்கம் என்பது அந்த மூன்றாவது வேலைக்குத்தான்.

நமக்கு மட்டும் நாய் புதிதா என்ன? தோட்டத்து லயங்களில் நாய் இல்லாத வரிசையே கிடையாது. மரவள்ளியும் வாழையும் போட்ட கொல்லையைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போனால், ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் நாய்களோடு புறப்படுவார்கள். அந்த நாய்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. மூத்த நாயின் பின்னால் ஓடி இளைய நாய் கற்றது. அதுவும் ஒரு சங்கம்தான், சந்தா மட்டும் கிடையாது!

தமிழ்நாட்டுப் பக்கம் போனால் இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் ஊர்ப் பெயர் தாங்கிய இனங்களே உண்டு. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் கண்டு விரட்டும் ஓட்டக்காரர்கள். கோம்பை காவலுக்கும் பன்றிக்கும் பேர் போனது. 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது அவற்றில் இராசபாளையமும் ஒன்று. தியடோர் பாஸ்கரன் அவர்கள் இந்திய நாய்களைப் பற்றி 2017-ல் ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே வெளியிட்டார்.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு செய்தி இருக்கிறது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையை ஒட்டி வாழும் செமாய்ப் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக நாய் வளர்ப்பவர்கள். மலைக்கு அப்பால் பகாங் பக்கம் ஓடும் தெலோம் ஆற்றோரத்துப் பூர்வகுடிகளிடம் இருந்த சிறு நாய்களை 1963-ல் ஓர்வில் எலியட் என்ற மானிடவியல் ஆய்வாளர் அமெரிக்காவுக்குக் கொண்டு போனார். ஆற்றின் பெயரால் அவற்றுக்குத் தெலோமியன் என்ற பெயர் நிலைத்தது. உயரக் கால்கள் மேல் நிற்கும் வீட்டுக்கு ஏணிப்படியில் ஏறிப் போகும் நாய் என்பது அதன் சிறப்பு. நம் மலைக்குப் பின்னால் இருந்த நாயை அமெரிக்காக்காரர் வந்து பார்த்து வியந்தார். நாமோ நல்ல நாய் என்றால் கப்பலில்தான் வரவேண்டும் என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

தம்பி, வேட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். அப்பா காலத்து வழக்கம் இன்று செல்லாது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட விலங்கையோ பறவையையோ பெர்ஹிலித்தான் துறையின் உரிமம் இல்லாமல் வேட்டையாடுவது குற்றம். சுருக்குக் கண்ணி வைப்பதும் குற்றம். பூர்வகுடி மக்கள் தம் குடும்ப உணவுக்காகச் சில விலங்குகளை வேட்டையாடச் சட்டம் இடம் கொடுக்கிறது, விற்பதற்கு அல்ல. அந்தச் சலுகை நமக்குப் பொருந்தாது. துப்பாக்கிச் சட்டத்தின் கடுமையை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அப்படியானால் பழக்குவதே வீண்தானே என்று கேட்பீர்கள். இல்லை. நாய்க்கு வேண்டியது மூக்குக்கு ஒரு வேலை, எசமானரின் ஒரு சொல், வேலை முடிந்ததும் ஒரு தட்டிக் கொடுப்பு. ஒளித்து வைத்த சாக்குத் துண்டைத் தேடிப் பிடித்தாலும் அதற்குக் கிடைக்கும் மகிழ்ச்சி அதேதான். உயிர் போகாமலேயே அதன் பிறவித் தொழிலை அது செய்யலாம்.

சரி, சங்கத்துக்கு வருவோம். நம் நாட்டில் இந்தத் துறையின் தாய்ச் சங்கம் கோலாலம்பூரில் இருக்கும் மலேசியக் கென்னல் சங்கம். 1925-ல் தொடங்கியது. நாய்களின் வம்சப் பதிவும் கண்காட்சிகளும் அதன் பொறுப்பு. பேராவில் யார் பழக்குகிறார்கள் என்று அங்கே கேட்டு எழுதலாம். அடுத்து, தாப்பாவிலும் ஈப்போவிலும் உள்ள கால்நடை மருத்துவர்களைக் கேளுங்கள். எந்த நாய் அடிபட்டு வருகிறது, எந்த நாய் அடக்கத்தோடு வருகிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். பழக்குபவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாமல் போகாது. மூன்றாவது, உங்கள் தோட்டத்திலேயே பன்றி நாய் வளர்த்த பெரியவர் யாராவது இன்னும் இருப்பார். அவரிடம் போய் உட்காருங்கள். சட்டம் மாறியிருக்கலாம், நாயின் குணம் மாறவில்லை.

யாரிடம் சேர்வதானாலும் முதல் நாள் நாயை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போங்கள். அங்கே உள்ள நாய்கள் பழக்குபவரைக் கண்டதும் வாலை ஆட்டுகின்றனவா, காலுக்கிடையில் மடக்குகின்றனவா என்று பாருங்கள். வால் பொய் சொல்லாது. தடுப்பூசி அட்டையைக் கேட்காமல் எந்த நாயையும் சேர்த்துக் கொள்ளும் இடம் நல்ல இடமல்ல. வாங்கும் பணத்துக்கு ரசீது தராத இடமும் அப்படித்தான். பட்டினி போட்டும் பிரம்பால் அடித்தும் பழக்குகிறேன் என்பவரைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி விலங்கை வதைத்தால் அபராதமே 20,000 வெள்ளியில் தொடங்கி 100,000 வெள்ளி வரை போகும். மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

சங்கம் கிடைக்கும் வரை குட்டி சும்மா இருக்கக் கூடாது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நாய்க்கு மாதக் கணக்கில் பொருந்தும். வீட்டிலேயே தொடங்குங்கள்.

முதல் பாடம், கூப்பிட்டால் வருவது. இருபது முப்பது அடி நீளக் கயிற்றைக் கட்டி விட்டு, ஒரே சொல்லால் அழையுங்கள். அப்பா "இங்க வா" என்றும், தங்கை "சூ சூ" என்றும், நீங்கள் "கம்" என்றும் கூப்பிட்டால் பாவம், அது எந்தப் பள்ளியில் படிக்கும்? வீட்டுக்கே ஒரு சொல் போதும். வந்தால் ஒரு துண்டு கருவாடோ கோழித் துண்டோ கொடுங்கள். தாமதமாக வந்தாலும் அடிக்காதீர்கள். வந்ததற்கு அடி வாங்கிய நாய் மறுமுறை வராது.

இரண்டாவது, நிற்பது. சோற்றுத் தட்டை வைக்கும்போது "நில்" என்று சொல்லி ஒரு நொடி நிறுத்துங்கள். நாளுக்கு நாள் கூட்டுங்கள். பறவை முன் சிலையாக நிற்கும் நாய் இந்தச் சோற்றுத் தட்டு முன்தான் பழகுகிறது.

மூன்றாவது, எடுத்து வருவது. பழைய காலுறைக்குள் துணியைச் சுருட்டி, கடையில் வாங்கிய கோழியின் காய்ந்த சிறகு ஒன்றைக் கட்டி எறியுங்கள். நான்கு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பல் விழுந்து முளைக்கும் காலம். அப்போது வாயிலிருந்து இழுத்துப் பிடுங்கக் கூடாது. சத்தத்துக்குப் பழக, அது சாப்பிடும் நேரத்தில் தூரத்தில் நின்று ஒரு டின்னைத் தட்டச் சொல்லுங்கள். சில வாரங்களில் மெல்ல மெல்லக் கிட்டே வரலாம். காது அருகில் பட்டாசு வெடித்துப் பழக்கினால் அந்த நாய் வாழ்நாள் முழுவதும் கட்டிலுக்கடியில்தான்.

ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். நம் வெயிலில் நாய்க்கு நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கினால்தான் உடம்பு தணியும். ஆகவே காலை எட்டு மணிக்கு முன், அல்லது மாலை வெயில் சாய்ந்த பின். நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டுக் கொண்டு போங்கள். செம்பனைக்குள் அவிழ்த்து விடாதீர்கள். அங்கே எலிக்கு வைத்த மருந்து இருக்கும், பன்றிக்கு வைத்த கண்ணி இருக்கும். மலாய்க்கார அண்டை வீட்டார் முற்றத்தைக் கடக்கும்போது கயிற்றைக் கையில் சுருக்கிப் பிடியுங்கள். அவர்கள் சமய வழக்கத்தை மதித்தால், நம் நாய்க்கும் அந்தத் தெருவில் இடம் இருக்கும். மாவட்ட மன்றத்து உரிமமும் தடுப்பூசியும் கட்டாயம் வேண்டும். 2015-ல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் திரும்பி வந்ததை மறக்க வேண்டாம்.

தம்பி, உங்களைப் போல் குட்டி வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் பீடோரிலும் தெமோவிலும் செண்டிரியாங்கிலும் இல்லாமலா இருப்பார்கள்? ஞாயிறு காலை நாலு பேர் ஒரு திடலில் கூடினாலே போதும். ஒருவர் நாயை மற்றவர் பிடித்துப் பார்த்தால் குறை தெரியும். கூட்டம் நிலைத்தால் முறைப்படி பதிந்து கொள்ளலாம். 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவுக்கு மனு செய்யலாம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் உடைந்தபோது, சட்டி பானையையும் சாமி படத்தையும் லாரியில் ஏற்றினோம். மலிவு விலை அடுக்கு வீட்டில் நாய்க்கு இடமில்லை என்று பல நாய்களை அங்கேயே விட்டு வந்தோம். அவற்றில் பழகிய நாய்களை அண்டை அயலார் யாராவது கூட்டிப் போனார்கள். சொல் கேட்காத நாய்தான் தெரு நாயாகி, கடைசியில் நாய் பிடிக்கும் வண்டியில் ஏறியது. நாய்க்குக் கற்றுக் கொடுக்கும் ஒரு சொல், நாளை நாம் இல்லாத இடத்திலும் அதற்குச் சோறு போடும்.

முதலில் அந்தச் சங்கிலியை அவிழ்த்துவிட்டு, நீளக் கயிற்றைக் கட்டுங்கள் தம்பி. மூன்று மாதம் கழித்து வால் எப்படி நிற்கிறது என்று எழுதுங்கள். மற்ற வாசகர்களும் தெரிந்துகொள்ளட்டும்.