பேட்டரி கட்டை: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

வீட்டில் எத்தனை பேட்டரி கட்டைகள் வேலை செய்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று, டி.வி., செட் டாப் பாக்ஸ் ரிமோட்டுகளில் நான்கு, தாத்தாவின் பி.பி. மெஷினில் நான்கு, பிள்ளைகளின் ரிமோட் காரில் ஐந்தாறு, வயலுக்குக் கொண்டுபோகும் டார்ச்சில் இரண்டோ மூன்றோ. எண்ணிக்கை இருபதை நெருங்கிவிடும். மளிகைச் சிட்டையில் யாரும் எழுதாத செலவு இது. தீரும்போதெல்லாம் தெருமுனைக் கடையில் ‘ரெண்டு கட்டை குடுங்க’ என்று வாங்கிப் போட்டுவிடுகிறோம். வருடக் கடைசியில் எவ்வளவு போனது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

இதில் மிச்சம் பிடிக்க ஒரு விஷயம் புரிந்தால் போதும். சில சாமான்கள் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். சில, மடக் மடக்கென்று குடிக்கும். இரண்டுக்கும் ஒரே கட்டையைப் போடுவதில்தான் காசு கரைகிறது.

கடையில் மூன்று வகை

முதலாவது, சாதா கட்டை. விலை குறைவு; கடிகாரத்துக்குப் போடும் ஏஏ அளவு 20 ரூபாய்க்குள் கிடைக்கும். இரண்டாவது, ஆல்கலைன். இரண்டு மடங்குக்கு மேல் விலை. ஆனால், அதிகம் இழுக்கும் சாமானில் பல மடங்கு நேரம் உழைக்கும். மூன்றாவது, திரும்பத் திரும்பச் சார்ஜ் போடும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கட்டை. முதல் செலவு அதிகம். நூற்றுக்கணக்கான தடவை பயன்படுத்தலாம்.

சொட்டுக் குடிப்பவை

சுவர்க் கடிகாரம், ரிமோட் இரண்டுக்கும் சாதா கட்டையே போதும். கடிகாரத்தில் ஒரு கட்டை ஏறத்தாழ ஒரு வருடம் ஓடும். இதற்குப் போய் சார்ஜ் கட்டை போட்டால் அந்தப் பணம் சுவரில் சும்மா தொங்கும்.

ரிமோட் வேலை செய்யவில்லையா? உடனே கடைக்கு ஓடாதீர்கள். செல்போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து, அதன் முன்னால் ரிமோட்டின் நுனியைப் பிடித்து பட்டனை அழுத்துங்கள். திரையில் வெளிச்சம் மினுக்கினால் கட்டையில் உயிர் இருக்கிறது; கோளாறு வேறு எங்கோ. மினுக்கவே இல்லை என்றால் கட்டையை மாற்றிப் பாருங்கள்.

மடக்கெனக் குடிப்பவை

பொம்மை கார், பாட்டு மைக், கேம் கன்ட்ரோலர் போன்றவைதான் பணத்தைத் தின்பவை. ஒரு கணக்குப் போடுவோம். பொம்மைக்கு மாதம் நான்கு ஆல்கலைன் கட்டைகள், ஒன்று 45 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 180, வருடத்துக்கு 2,160 ரூபாய். நான்கு சார்ஜ் கட்டையும் சார்ஜரும் சேர்த்து 1,200 ரூபாய் என்றால், ஏழு மாதத்தில் முதல் திரும்பிவிடும். கரன்ட் செலவு? ஒரு யூனிட்டில் அந்த நான்கையும் 40 தடவையாவது சார்ஜ் போடலாம்.

வாங்கும்போது உறையில் ‘ப்ரீ சார்ஜ்டு’ அல்லது ‘ரெடி டு யூஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். அந்த வகை, சும்மா வைத்திருந்தாலும் மாதக்கணக்கில் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். பழைய வகை தானாகவே வடிந்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. பொம்மை நின்றுவிட்டது என்பதற்காக ஆல்கலைன் கட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். காரை ஓட்டத் தெம்பில்லாத கட்டை, கடிகார முள்ளைப் பல மாதம் நகர்த்தும். ஆனால், புதுசையும் பழசையும் ஒரே சாமானில் சேர்த்துப் போடக் கூடாது. புதுசு பழசை வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போகும், பழசு கசிந்துவிடும்.

வெயிலில் காயவைத்தால்?

ரேடியோ கட்டையை மொட்டை மாடியில் காயவைத்த பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. பல்லால் கடித்து நசுக்குபவர்களும் உண்டு. சூட்டில் உள்ளே ரசாயன வேலை கொஞ்சம் வேகமெடுப்பதால் சற்று நேரம் உயிர் வந்தது போலத் தெரியும். புதிதாகச் சக்தி எதுவும் ஏறுவதில்லை. சாதா கட்டையின் வெளிக்கூடே துத்தநாகம்தான். வேலை செய்யச் செய்ய அது அரிக்கப்பட்டு மெலிந்துகொண்டே போகும். அதை வெயிலில் வைத்தாலும் கடித்தாலும் ஓட்டை விழுந்து கசியும். 20 ரூபாய் கட்டையை மிச்சம் பிடிக்கப் போய் 500 ரூபாய் ரிமோட்டை இழப்பதுதான் மிச்சம். அதிகம் எடுக்காத சாமானில் கட்டையைக் கழற்றி வைப்பதே உண்மையான சிக்கனம்.

ராத்திரி டார்ச்சில் கஞ்சத்தனம் வேண்டாம்

நம் டெல்டாவில் டார்ச் என்பது வெறும் கரன்ட் போன நேரத்துச் சாமான் இல்லை. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும் ஊர்களில், மோட்டார் போட அப்பாவோ அண்ணனோ வரப்பில்தான் நடக்கிறார்கள். நெல் வயலில் எலி இருக்கும்; எலி இருந்தால் பாம்பு வரும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். மங்கலான டார்ச்சைத் தட்டித் தட்டி எரியவைத்துக்கொண்டு போகிற இடமில்லை அது. வெளிச்சம் மங்க ஆரம்பித்ததும் கட்டைகளை மொத்தமாக மாற்றிவிடுங்கள். கழற்றியது கடிகாரத்துக்கு ஆகுமே!

சார்ஜ் போடும் டார்ச், எமர்ஜென்சி லைட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: உள்ளே ஈய பேட்டரி இருந்தால், தீர்ந்த நிலையில் போட்டுவைக்கக் கூடாது. அப்படியே கிடந்தால் சார்ஜ் பிடிக்கும் தன்மை போய்விடும். பயன்படுத்திய அன்றே சார்ஜ் போடுங்கள். பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை போடுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. அதன் பிறகு பல கிராமங்களில் கரன்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது நமக்கு மறக்காது. கரன்ட்டே இல்லாதபோது சார்ஜரால் என்ன பயன்? அதனால் ஐப்பசி பிறக்கும் முன்பே டார்ச் அளவுக்கு ஒரு செட் ஆல்கலைன் கட்டை வாங்கி, உறை பிரிக்காமல் வைத்துவிடுங்கள். நல்ல ஆல்கலைன் கட்டை ஐந்து வருடம் கூடக் கெடாது. கட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் தேதியைப் பார்த்து வாங்குங்கள். வெயில் படும்படி தொங்கவிட்டிருக்கும் சரத்தில் வாங்காதீர்கள்.

பி.பி. மெஷினும் இதே கணக்குத்தான். கட்டை பலவீனமானால் அளவை நம்ப முடியாது. பக்கவாட்டில் அடாப்டர் துளை இருந்தால், அந்த மெஷினுக்கென்று கம்பெனி சொன்ன அடாப்டரையே வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் பார்க்கும் வீட்டில் கட்டைச் செலவு மிச்சம்.

பட்டன் செல்: காசை விடப் பெரிய கவலை

சர்க்கரை பார்க்கும் மெஷின், சமையலறைத் தராசு, மினுக்கும் பொம்மை ஆகியவற்றில் நாணயம் போல ஒரு செல் இருக்கும். குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். ‘தானா வெளியில வந்துடும்’ என்று காத்திருக்காதீர்கள், வாந்தி எடுக்கவைக்காதீர்கள். 108-ஐ அழைத்து, எக்ஸ்ரே வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். தீர்ந்த பட்டன் செல்லும் இதே ஆபத்து உள்ளதுதான். கழற்றியதும் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள்.

தீர்ந்த கட்டைகளை வாய்க்காலில் எறிவதும், குப்பையோடு கொளுத்துவதும் கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, தயாரிப்பாளர்களே அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். அதுவரை ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, குப்பை வாங்க வருபவரிடம் தனியாகக் கொடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டுச் சாமான்களை இரண்டு பட்டியலாக எழுதுங்கள்: சொட்டுக் குடிப்பவை, மடக்கெனக் குடிப்பவை. டார்ச்சை மட்டும் எந்தப் பட்டியலிலும் சேர்க்காமல், முதலில் எரியவைத்துப் பாருங்கள்.