தனக்கென ஓர் ஏடு

தமிழ் வழக்கிலே ஓவியம் ‘எழுத’ப்படுவது. படம் வரைந்தவன் அதனை எழுதினான் என்றே பழைய நூல்கள் கூறும். வண்ணம் தீட்டாது கோட்டளவில் நிற்கும் படத்தைப் ‘புனையா ஓவியம்’ என்று நெடுநல்வாடை குறிக்கிறது. மதுரைக்காஞ்சியோ ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்கிறது. காண்போருடைய கண்ணிடத்தே தம் தொழிலை நிறுத்த வல்லவர் என்பது நச்சினார்க்கினியர் அத்தொடருக்குத் தரும் விளக்கம். பிறர் கண்ணில் நிற்கும் முன்னர் அத்தொழில் ஓவியனுடைய கண்ணிலே நின்றாக வேண்டுமன்றோ? அந்தப் பயிற்சியை அவன் எங்கே பெறுகிறான்? பிறர் ஏவிய வேலையிலா, தானே தனக்கு வகுத்துக்கொண்ட வேலையிலா? இதுவே இன்று நான் எழுத எடுத்துக்கொண்ட பொருள்.

எம்மூரிலே என்னிடம் தமிழ் கற்ற இளைஞர் ஒருவர் இன்று அச்சகமொன்றிலே படம் வரைந்து பிழைக்கிறார். திருமண அழைப்பிதழ், கடைப் பெயர்ப்பலகை, துண்டுப் பிரசுரம் ஆகியவையே அவர் தொழில். கை நேர்த்தியானது, ஊதியமும் குறைவன்று. ஆயினும், காலை முதல் இரவு வரை வரைந்தும் தமது என்று சொல்ல ஒரு படமும் இல்லை என்றும், சிறு வயதில் மணலிலே விரலால் கோடிழுத்தபோது இருந்த மகிழ்ச்சி இன்று தூரிகையில் இல்லை என்றும் அவர் என்னிடம் வருந்தினார். இஃது ஒருவருடைய குறையன்று. கதைக்குப் படம் எழுதுவோர், பாடநூலுக்குப் படம் எழுதுவோர், பத்திரிகைக்கு வரைவோர் எல்லோரும் ஏதோவொரு நாளில் எதிர்கொள்ளும் வறட்சி இது.

கூலிக்கு எழுதும் ஓவியம் இழிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ‘சில்பி’ என்ற புனைபெயர் கொண்ட சீனிவாசன் ‘ஆனந்த விகடன்’ இதழுக்காகவே கோயில் கோயிலாகச் சென்றார். சிலையின் முன்னே அமர்ந்து, கல்லிலே உளி செய்ததைத் தாளிலே கோடு செய்யக் காட்டினார். ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்னும் அத்தொடர் இதழின் பணிதான். ஆனால் அதிலே அவர் மனம் தோய்ந்திருந்தது. ஏவிய பணியே உள்ளத்துக்கு உகந்த பணியாக அமைவது பெரும்பேறு. அப்பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாயாதவர் என்செய்வது?

பிறர் ஏவும் வேலையிலே மூன்று செய்திகளைப் பிறரே முடிவு செய்கின்றனர். எதை வரைவது, எவ்வளவில் வரைவது, எந்த நாளுக்குள் வரைவது என்பன அவை. நாள் நெருங்கும்போது கை தான் அறிந்த வழியையே நாடும். தென்னை என்றால் குடை போன்ற ஓர் உருவம். மூதாட்டி என்றால் வளைந்த முதுகும் ஒரு கோலும். கடல் என்றால் மூன்று அலைக்கோடு. அவை பிழையல்ல, எனினும் அவற்றிலே பார்வை இல்லை, நினைவு மட்டுமே இருக்கிறது. நாள்தோறும் வரைந்தும் திறம் ஓரிடத்திலே நின்றுவிடுவதன் காரணம் இதுவே. சித்திரம் கையின் பழக்கத்தால் வருவது என்று ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடலை நாம் அடிக்கடி எடுத்துக் காட்டுகிறோம். பழக்கம் என்பது பழகிய தடத்திலே ஓடுவதன்று, புதுத்தடம் பழகுவது என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆகவே தேர்ந்த ஓவியர் பலர் தொழிலின் பக்கத்திலே தமக்கென வேறொரு பணியையும் வைத்துக்கொண்டிருந்தனர். 1943இல் கொழும்பிலே உருவான ‘43 குழு’வின் உறுப்பினராகிய ஓப்ரி கொலெற் பத்திரிகைக் கேலிச்சித்திரத்தால் நாடறிந்தவர். நாளேட்டுக்கு எழுதிய அதே கை, குழுவின் ஓவியர்களோடு சேர்ந்து வேறு வகை ஓவியத்தையும் எழுதியது.

யப்பானிய ஓவியர் ஹொக்குசாய் (1760-1849) தரும் சான்று இன்னும் வியப்புக்குரியது. நூல்களுக்குப் படம் எழுதியும், அச்சுப் பாளங்களுக்கு வரைந்தும் வாழ்ந்தவர் அவர். பியூஜி மலைக் காட்சிகளால் உலகெங்கும் அறியப்பட்டவர். எண்பது வயதைக் கடந்த பின்னர், 1842ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி மறு ஆண்டின் இறுதி வரையில், காலைதோறும் ஒரு சிங்கத்தை வரைவதை நோன்பாகக் கொண்டார். தீமை அணுகாதிருக்கச் செய்த சடங்கு அது. ஓடும் சிங்கம், உறங்கும் சிங்கம், சிங்க முகமூடியணிந்து ஆடும் மனிதன் என்று ஒரு பொருளே பல வடிவம் கொண்டது. அவற்றுள் 219 தாள்கள் எஞ்சியுள்ளன. வாங்குவோருக்கென எழுதியவையல்ல அவை. உலகம் போற்றிய ஒருவர், அந்த வயதிலும், நாளின் முதற் கோட்டைத் தமக்கென வைத்துக்கொண்டார் என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலே இதற்கு இணையான சான்று ஆதிமூலம் (1938-2008). திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரிலே பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியிலே பயின்று, நெசவாளர் சேவை மையத்திலே துணிகளுக்கு வடிவமைக்கும் பணியில் இருந்தவர் அவர். காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969இல் அடிகளின் உருவையே பொருளாகக் கொண்டு 100 கோட்டோவியங்களை எழுதினார். வண்ணம் இல்லை, கறுப்புக் கோடு ஒன்றே கருவி. ஒரே மனிதரை நூறு முறை எழுதும்போது, பத்தாவது படத்தோடு நினைவிலுள்ள காந்தி தீர்ந்துபோவார். அதன் பின்னர் ஓவியன் தேடியே ஆக வேண்டும். தோளின் கூன், மேலாடையின் மடிப்பு, நடையின் விரைவு என ஒவ்வொன்றும் புதிய கோட்டைக் கேட்கும். பின்னாளிலே கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ‘ஜூனியர் விகடன்’ இதழில் வந்தபோது ஆதிமூலம் எழுதிய படங்களைக் கண்டவர், அந்த முரட்டுக் கோட்டின் உயிர்ப்பை மறவார். தனக்கென எழுதிய நூறு படம் பிறருக்கென எழுதிய படத்துக்கு உரமாயிற்று என்பது என் துணிபு.

மூன்றாம் சான்று மதுரையிலே பிறந்த மனோகர் தேவதாஸ் (1936-2022). மின்கலத் தொழிற்சாலையொன்றிலே வேதியியலாளராகப் பணியாற்றிய அவருக்கு ஓவியம் ஊதியத் தொழிலன்று. விழித்திரை நோயால் அவர் பார்வை சிறிது சிறிதாகச் சுருங்கி, குழாயின் வழியே காண்பது போலாயிற்று. அவருடைய துணைவியார் மஹிமா 1972இல் நேர்ந்த கார் விபத்திலே கழுத்துக்குக் கீழ் இயக்கமிழந்தார். இத்தனைக்கும் இடையிலே தாம் பிறந்த மதுரையின் கோயிலையும் தெருவையும் மயிரிழை போன்ற மைக்கோடுகளால் எழுதிக்கொண்டேயிருந்தார். இருவரும் சேர்ந்து வாழ்த்து மடல்களாக அவ்வோவியங்களை வெளியிட்டு, வந்த பணத்தை அறப்பணிக்கு அளித்தனர். மதுரையைப் பற்றிய அவருடைய சித்திர நூல் 2007இல் வெளிவந்தது. கண்ணொளி குறையக் குறையக் கோடு நுணுகியது என்றால், ஓவியம் கண்ணால் மட்டும் எழுதப்படுவதில்லை என்பதே பொருள்.

இம்மூவரிடத்தும் பொதுவாகக் காண்பது என்ன? ஒரு பொருளைத் தெரிந்து அதனை விடாது பற்றினர். சிங்கம், காந்தி, மதுரை என ஒவ்வொருவருக்கும் ஒன்று. கருவியையும் சுருக்கிக்கொண்டனர். சிங்கத்தை எழுதியதும் மையே, காந்தியை எழுதியதும் மையே, மதுரையை எழுதியதும் மையே. எல்லாவற்றிலும் மேலாக, யாரும் கேளாமலே தொடங்கினர். விருப்பம் ஒன்றே போதாது; விருப்பத்துக்குத் தானே வரம்பு கட்டிக்கொள்ள வேண்டும். யாப்பு இல்லாவிடில் வெண்பா இல்லை என்பதை நாம் அறிவோம். ஓவியனுக்கும் அவனே வகுத்துக்கொண்ட ஒரு யாப்பு வேண்டும்.

எம் நுரைச்சோலையிலே இதனை எப்படித் தொடங்கலாம் என்று சொல்லுவேன். ஒரு சிறு கொப்பியும் ஒரு பேனையும் போதும். பென்சிலை விடுத்துப் பேனையைச் சொல்வதற்குக் காரணமுண்டு. அழிக்க முடியாது என்று தெரிந்தால் கை தயங்கும். கை தயங்கும் அந்த நொடியிலேதான் கண் வேலை செய்யும். கடற்கரையிலே ஏற்றிவைத்த தோணி ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நாற்பது நாள் அதனையே வரையுங்கள். முதல் வாரத்தில் எல்லாப் படமும் ஒன்றாகவே இருக்கும், சலிப்பு வரும். அச்சலிப்பைத் தாண்டினால், காலை வெயிலில் தோணியின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதும், அணியம் மணலில் எவ்வளவு புதைந்திருக்கிறது என்பதும், கரைவலை இழுப்போரின் முதுகுகள் எந்தக் கோணத்தில் சாய்கின்றன என்பதும் தாமே புலப்படத் தொடங்கும். ஒவ்வொரு தாளிலும் நாளைக் குறியுங்கள். பிடிக்காத தாளையும் கிழிக்காதீர்கள். வளர்ச்சியைக் காட்டும் சாட்சி அதுவே.

தோணி பிடிக்காவிட்டால் வெங்காயப் பாத்தி இருக்கிறது, மிளகாய்த் தோட்டத்துக் கிணறு இருக்கிறது. தென்னந்தோப்புக்கு மேலே அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி ஓங்கி நிற்கிறது. 2011இல் முதற் பிரிவு இயங்கத் தொடங்கிய பின் எம்மூரின் வானக்கோடே மாறிவிட்டது. அதனை நல்லதென்பாரும் தீதென்பாரும் உளர். ஆனால் அந்த மாற்றத்தை நாள் குறித்து எழுதிவைத்த ஓவிய ஏடு ஒன்று எம்மூரில் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. பத்தாண்டு ஒருவர் எழுதியிருந்தால் அஃது ஊரின் வரலாறாகியிருக்கும்.

நேரம் இல்லை என்பர் சிலர். நாளொன்றுக்குக் கால் மணி நேரமே நான் கேட்பது. தொழிலுக்கு உதவாத வேலை என்பர் வேறு சிலர். தொழிலுக்கு உதவ வேண்டும் என்று தொடங்கினால் அதுவும் ஏவிய வேலையாகவே முடியும். மகிழ்ச்சிக்கென்றே தொடங்க வேண்டும். திறம் அதன் பின்னே தானாக வரும். பாரம் இழுத்த மாட்டை அவிழ்த்துவிட்டால் அது புல்வெளியிலே ஓடுகிறதே, அந்த ஓட்டத்தாலும் கால் வலுப்பெறுகிறதன்றோ?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. எம் பாடசாலைகளிலே சித்திரம் ஒரு பாடமாக இருப்பது நல்லதே. ஆயினும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கென்று ஒரு சந்தைக் காட்சியையும் ஒரு திருவிழாக் காட்சியையும் மனப்பாடம் செய்துகொண்டு போகும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். திருக்குறளைப் பொருளறியாது ஒப்பிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? பரீட்சை முடிந்த மறுநாள் வண்ணப்பெட்டி மூடப்படுகிறது. பலருக்கு அது மீண்டும் திறக்கப்படுவதே இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் புள்ளியிடப்படாத ஒரு கொப்பி கொடுப்போம். அதிலே சிவப்பு மை படக்கூடாது. என்ன வரைவது என்று ஆசிரியர் சொல்லக்கூடாது. ஒன்றைத் தெரிந்து அதனையே தவணை முழுவதும் வரை என்று மட்டும் சொல்ல வேண்டும். பிள்ளை விரும்பிக் காட்டினால் பார்ப்போம், காட்டாவிட்டால் கேளாதிருப்போம். தமிழாசிரியருக்கும் இதிலே பங்குண்டு. உற்று நோக்கக் கற்ற பிள்ளை உவமையையும் கடன் வாங்காது.

இக்காலத்திலே இதற்கு ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. நாலு சொல்லைக் கொடுத்தால் நொடிப்பொழுதிலே படத்தைத் தரும் கணினிப் பொறிகள் வந்துவிட்டன. அழைப்பிதழுக்கும் விளம்பரத்துக்கும் எழுதிய கைகள் நாளை என்னாகும் என்ற கவலை மெய்யானது. அதனை நான் சிறிதாக்கிப் பேச மாட்டேன். ஏவியதைச் செய்வதில் பொறி மனிதனை முந்தலாம். ஆனால் ஏவாததைச் செய்வது மனிதனுக்கே உரியது. நாற்பது நாள் ஒரு தோணியின் முன்னே இருந்தவனுக்குக் கிடைத்த பார்வையைப் பொறி பெற்றுத்தர இயலாது. ஏனெனில் அங்கே விளைந்த பொருள் படமன்று, படத்தை எழுதிய ஆள்.

ஆகவே ஓவியம் பயிலும் இளைஞர்களே, உங்கள் தொழிலுக்கு உரியதைத் தொழிலுக்குக் கொடுங்கள். ஒரு சிறு ஏட்டை மட்டும் யாருக்கும் விற்காதீர்கள். அதன் முதற் பக்கத்திலே இன்றைய நாளைக் குறித்து, கண்ணெதிரே இருப்பதை எழுதத் தொடங்குங்கள்.